தமிழ் வழியில் படித்தவர் ஆங்கிலம் பேச: காதிலிருந்து தொடங்கும் முழுமையான வழிகாட்டி

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்த ஒருவர் ஆங்கிலத்தைப் பத்து ஆண்டுகளுக்கு மேல் பாடமாகப் படித்திருப்பார். கடிதம், கட்டுரை, செயப்பாட்டுவினை எல்லாம் எழுதித் தேர்ச்சியும் பெற்றிருப்பார். அப்படிப்பட்டவருக்கே நேர்முகத் தேர்வில் 'டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்' என்று கேட்டவுடன் வாய் கட்டிக்கொள்கிறது. இதற்குக் காரணம் அறிவுக் குறைவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அத்தனை ஆண்டுகளும் ஆங்கிலம் அவருக்குக் கண் வழியாகவும் பேனா வழியாகவும் மட்டுமே வந்தது. காதுக்கும் நாக்குக்கும் யாரும் வேலை கொடுக்கவில்லை.

இந்த வழிகாட்டி அவருக்காகத்தான். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும், நூற்றுக்கணக்கான சொற்கள் தெரியும், பேச மட்டும் வராது என்பவர்கள் இதை அப்படியே பின்பற்றலாம். முதலில் காது, அடுத்து நாக்கு, பிறகு வாக்கிய அமைப்பு, கடைசியில்தான் எழுத்து என்று வரிசையை மாற்றிக்கொண்டால் வேகமும் வரும், சலிப்பும் குறையும்.

ஒரு முன்குறிப்பு. வாசிக்க எளிதாக இருக்கட்டும் என்று ஆங்கில உதாரணங்களை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். உங்கள் நோட்டில் அப்படி எழுதிப் பழகாதீர்கள். ஏன் என்பது மூன்றாம் படியில் வரும்.

முதல் படி: மணிக்கணக்கும் ஒரு குறியும்

'30 நாளில் ஆங்கிலம்' என்ற விளம்பரங்களை ஒதுக்கிவிடுங்கள். மொழித் திறனை ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலைகளாகப் பிரிக்கும் ஐரோப்பிய அளவுகோல் ஒன்று 2001-இல் வெளியானது. அதில் பி1 என்ற மூன்றாம் நிலையை எட்டியவர் அன்றாட விஷயங்களைப் பேசிச் சமாளித்துவிடுவார். அடிப்படையிலிருந்து தொடங்கினால் அந்த நிலைக்கு 350 முதல் 400 மணி நேரக் கற்பித்தல் தேவைப்படும் என்பது கேம்பிரிட்ஜ் தேர்வு அமைப்பின் மதிப்பீடு. நீங்கள் அடிப்படையிலிருந்து தொடங்கவில்லை. பள்ளியில் கற்றது உள்ளே உறங்கிக்கொண்டிருக்கிறது. தினமும் ஒரு மணி நேரம் விடாமல் கொடுத்தால் ஆறேழு மாதங்களில் ஒரு சாதாரண உரையாடலைத் தாங்கும் நிலைக்கு வரலாம் என்பது என் கணிப்பு. ஞாயிற்றுக்கிழமை ஏழு மணி நேரம் உட்கார்ந்து மற்ற நாள்களில் விட்டுவிடுவது பலன் தராது.

அடுத்து ஒரு குறி வைத்துக்கொள்ளுங்கள். 'ஆங்கிலம் கற்க வேண்டும்' என்பது குறி ஆகாது. 'மருத்துவமனையில் வெளிமாநில நோயாளியிடம் பேச வேண்டும்', 'வளைகுடா வேலைக்கான நேர்காணலை முடிக்க வேண்டும்', 'மகளின் பள்ளியில் ஆசிரியரிடம் தயங்காமல் பேச வேண்டும்' என்பவை குறிகள். எந்தச் சொல்லை முதலில் கற்பது, எந்தக் காணொளியைப் பார்ப்பது என்ற கேள்விகளுக்கெல்லாம் இந்த ஒரு வரி விடை சொல்லிவிடும்.

இரண்டாம் படி: தெரிந்த விஷயத்தை ஆங்கிலத்தில் கேளுங்கள்

நமக்குப் புரிகிற, கொஞ்சமே கடினமான ஆங்கிலத்தை நிறையக் கேட்பதும் வாசிப்பதுமே மொழியை உள்ளே இறக்கும் என்று 1980-களில் ஸ்டீபன் கிராஷன் என்ற அமெரிக்க மொழியியலாளர் வாதிட்டார். அது மட்டுமே போதும் என்ற அவருடைய முடிவைப் பலர் ஏற்கவில்லை. ஆனால் புரியாததைக் கேட்டுக்கொண்டே இருப்பதால் பயன் இல்லை என்பதில் கருத்து வேறுபாடு கிடையாது. ஆங்கிலச் செய்தி சேனலை நாள் முழுக்க ஓடவிட்டால் மொழி தானாக வந்துவிடும் என்று நினைத்துப் பலர் ஏமாறுவது இங்கேதான்.

புரிய வேண்டும் என்றால் விஷயம் முன்பே தெரிந்திருக்க வேண்டும். கிரிக்கெட் ரசிகர்களுக்கு இதில் பெரிய வசதி இருக்கிறது. பந்து எங்கே போனது, யார் பிடித்தார்கள் என்பதைக் கண் பார்க்கிறது; வர்ணனையாளர் அதையே ஆங்கிலத்தில் சொல்கிறார். பொருளைத் தேட வேண்டிய அவசியமே இல்லை. ஒரே ஆட்டத்தில் ஒரே மாதிரி வாக்கியங்கள் பல முறை வரும். மறுநாள் காலை அதே ஆட்டத்தைப் பற்றி 'தி ஹிண்டு' விளையாட்டுப் பக்கத்தில் வாசித்தால், காதில் விழுந்தது கண்ணிலும் பதியும். சமையலில் ஈடுபாடு உள்ளவர்களுக்கு ஆங்கிலச் சமையல் காணொளிகள் இதே வேலையைச் செய்யும். 'சாப் தி ஆனியன்ஸ்', 'ஆட் எ பின்ச் ஆஃப் சால்ட்' என்று சிறிய வாக்கியம் ஒவ்வொன்றுக்கும் கண்ணெதிரே ஒரு செயல் நடக்கும். பைக் பழுதுபார்த்தல், தையல், பங்குச் சந்தை என்று எதில் உங்களுக்கு ஏற்கெனவே கை பழகியிருக்கிறதோ அதில் தொடங்குங்கள்.

அதோடு, கற்பவர்களுக்கென்றே செய்யப்பட்ட நிகழ்ச்சிகளும் வேண்டும். பிபிசி 1943-இலிருந்து வானொலி வழியாக ஆங்கிலம் கற்பித்து வருகிறது; அதன் '6 மினிட் இங்கிலீஷ்' நிகழ்ச்சி எழுத்து வடிவத்தோடு இலவசமாகக் கிடைக்கிறது. 'வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா' 1959-இல் 'ஸ்பெஷல் இங்கிலீஷ்' என்ற ஒலிபரப்பைத் தொடங்கியது. சுமார் 1,500 சொற்களுக்குள் எழுதி, வழக்கத்தைவிட மெதுவாக வாசிப்பார்கள். அந்த வகையில் வந்த பழைய நிகழ்ச்சிகள் யூடியூபில் இருக்கின்றன. தொடக்கத்தில் இதைவிடப் பொருத்தமான குரல் கிடைப்பது அரிது.

கேட்கும் முறை முக்கியம். இரண்டு மூன்று நிமிட ஒலித்துண்டு ஒன்றை எடுங்கள். முதல் முறை எழுத்தைப் பார்க்காமல், யார், எதைப் பற்றி என்பதை மட்டும் பிடியுங்கள். இரண்டாம் முறை வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்தி, காதில் விழுந்ததைத் திருப்பிச் சொல்லிப் பாருங்கள். மூன்றாம் முறை எழுத்து வடிவத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டு, தவறவிட்ட இடங்களில் கோடு போடுங்கள். அந்தக் கோடுகளை எண்ணிப் பாருங்கள்: பெரும்பாலும் அவை உங்களுக்குத் தெரிந்த சொற்களாகவே இருக்கும். எழுத்தில் தெரியும், ஒலியில் தெரியாது. அந்த இடைவெளியை அடைப்பதே முதல் இரண்டு மாதங்களின் முழு வேலை. நான்காம் முறை மறுபடி எழுத்து இல்லாமல் கேளுங்கள். அடுத்த நாளும் அதே துண்டுதான். வாரத்துக்கு இரண்டு துண்டுகள் போதும். புதிது புதிதாகத் தாவுகிறவர்களைவிட ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்கிறவர்கள் சீக்கிரம் தேறுவார்கள்.

வேகம் அதிகம் என்றால் யூடியூபில் 0.75 என்று குறைத்துக்கொள்ளலாம். இரண்டு வாரங்களுக்குள் அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஆங்கிலப் படத்துக்குத் தமிழ் வசனவரி (சப்டைட்டில்) வைத்தால் காது தூங்கிவிடும், ஆங்கில வசனவரியே வையுங்கள். தமிழ்ப் படத்தை ஆங்கில வசனவரியோடு பார்ப்பது இன்னொரு வகையில் உதவும். நாம் சொல்கிற ஒன்றை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வார்கள் என்பது ஒவ்வொரு வசனத்திலும் தெரியும். படம் உங்களுக்கு மனப்பாடமான நகைச்சுவைப் படமாக இருந்தால் இரட்டை லாபம்.

மூன்றாம் படி: நாக்கைப் பழக்குங்கள்

தமிழில் ஞ, ண, ந, ம, ன, ய, ர, ல, வ, ழ, ள ஆகிய பதினொரு மெய்களில் மட்டுமே சொல் முடியலாம் என்கிறது தொல்காப்பியம். க், ச், ட், த், ப், ற் ஆகிய வல்லின மெய்கள் அதில் இல்லை. அதனால்தான் நம் வாயில் 'கப்' என்பது 'கப்பு' ஆகிறது, 'லேட்' என்பது 'லேட்டு' ஆகிறது. சொல்லின் முதலில் இரண்டு மெய்கள் சேர்ந்து வருவதும் நமக்குப் பழக்கமில்லை. ஆகவே 'ஸ்கூல்' சிலர் வாயில் 'இஸ்கூல்' ஆகிறது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஈராயிரம் ஆண்டுப் பழக்கம் அது. திருத்த வழி எளிது. சொல்லின் இறுதியில் வாயை மூடி நிறுத்திப் பழகுங்கள். 'கப்' என்றால் உதடு மூடியபடியே நிற்க வேண்டும். 'இட்' என்றால் நாக்கு மேலே ஒட்டியபடியே நிற்க வேண்டும்.

அடுத்தது, தமிழ் எழுத்து காட்டாத வேறுபாடுகள். முதுகைக் குறிக்கும் சொல்லையும் பையைக் குறிக்கும் சொல்லையும் தமிழில் 'பேக்' என்றுதான் எழுதுவோம். ஆங்கிலத்தில் கடைசி ஒலி வேறு: முதுகில் வன்மை, பையில் மென்மை. கடைசி ஒலி மென்மையாக இருக்கும்போது அதற்கு முன்னால் வரும் உயிர் சற்று நீளும். ஆகவே பையின் 'பே' முதுகின் 'பே'யைவிட நீளமாக ஒலிக்கும். இந்த நீளத்தைக் கவனித்தால் காது இரண்டையும் பிரித்துவிடும். சொல்லின் தொடக்கத்திலும் இதே சிக்கல் உண்டு. ஆங்கிலேயர் 'பேப்பர்' போல வன்மையான பகரத்தோடு தொடங்கும் சொல்லைச் சொல்லும்போது மூச்சு வெடித்து வெளியேறும். வாய்க்கு முன்னால் ஒரு காகிதத்தைப் பிடித்தால் அது ஆடும். 'பஸ்' போன்ற சொல்லின் மென்மையான பகரத்தில் ஆடாது. உச்சரிப்பைத் தமிழில் எழுதி மனப்பாடம் செய்கிறவர்கள் இந்த வேறுபாடுகளையெல்லாம் இழந்துவிடுகிறார்கள். எழுதாதீர்கள் என்று தொடக்கத்தில் சொன்னதற்கு இதுவே காரணம். உச்சரிப்பை அகராதிச் செயலியின் ஒலிப்பொத்தானிடமிருந்து கற்றுக்கொள்ளுங்கள். 'யூகிளிஷ்' என்ற இணையதளத்தில் ஒரு சொல்லைத் தட்டினால், யூடியூபில் வெவ்வேறு மனிதர்கள் அதை எப்படிப் பேசுகிறார்கள் என்று வரிசையாகக் காட்டும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது அழுத்தம். தமிழில் ஒவ்வொரு அசைக்கும் ஏறக்குறைய சமமான நேரம் கொடுக்கிறோம். ஆங்கிலத்தில் ஒரு அசையை ஓங்கிச் சொல்லி மற்றவற்றை விழுங்கிவிடுவார்கள். 'பனானா' என்ற சொல்லில் நடுவில் உள்ள 'னா' மட்டுமே முழுதாகக் கேட்கும். முன்னும் பின்னும் இருக்கும் உயிர்கள் மங்கிப்போகும். நாம் முதல் அசையை அழுத்தும் 'ஹோட்டல்' ஆங்கிலத்தில் இரண்டாம் அசையில் அழுந்தும். 'ஃபோட்டோகிராஃப்' என்பதில் முதல் அசை ஓங்கும். அதிலிருந்து வரும் கலையின் பெயர் 'ஃபடாக்ரஃபி' என்று இரண்டாம் அசைக்குத் தாவிவிடும். 'கம்ஃபர்டபிள்' என்று நான்கு அசையாக எழுதுவதை 'கம்ஃப்டபிள்' என்று மூன்றாகச் சுருக்கிவிடுவார்கள். வாக்கியத்திலும் இதுதான் நடக்கிறது. 'கப் ஆஃப் டீ' என்பது 'கப்பட்டீ' என்று காதில் விழும். வெள்ளைக்காரர்கள் வேகமாகப் பேசுகிறார்கள் என்று நமக்குத் தோன்றுவதற்குப் பாதிக் காரணம் இந்த விழுங்கல்தான்.

அழுத்தத்தை விதியாகப் படித்து மாளாது. நிழல் போலப் பின்தொடர்ந்து பேசும் பயிற்சியே வழி. ஏற்கெனவே பல முறை கேட்ட ஒலித்துண்டை ஓடவிட்டு, பேசுகிறவரின் குரலுக்கு அரை நொடி பின்னால் அவர் ராகத்திலேயே நீங்களும் சொல்லிக்கொண்டு போங்கள். உரைபெயர்ப்பாளர்களைப் பயிற்றுவிக்கும் இடங்களில் இந்த முறை உண்டு. சொல் தவறினால் நிற்க வேண்டாம், ராகம் தவறக் கூடாது. நாளுக்குப் பத்து நிமிடம் போதும். மொட்டைமாடியில் நடந்துகொண்டே செய்தால் இன்னும் நல்லது. நடையின் தாளம் அழுத்தத்துக்கு உதவும். பிபிசி உச்சரிப்பு வர வேண்டும் என்ற கவலை வேண்டாம். தமிழ் மணம் வீசும் ஆங்கிலம் உலகமெங்கும் புரிகிறது. அழுத்தம் மட்டும் சரியாக விழ வேண்டும்.

நான்காம் படி: வாக்கியத்தைத் திருப்பிப் போடுங்கள்

இலக்கணப் புத்தகம் சொல்லாத ஒன்றை இங்கே சொல்கிறேன்.

'நான் / நேற்று / மதுரையில் / அண்ணனுக்கு / ஒரு சட்டை / வாங்கினேன்.'

இதை ஆங்கிலத்தில் சொன்னால்:

'ஐ / பாட் / எ ஷர்ட் / ஃபார் மை பிரதர் / இன் மதுரை / யெஸ்டர்டே.'

'நான்' மட்டும் முதலில் நிற்கிறது. மற்ற எல்லாம் கண்ணாடியில் பார்த்தது போலத் தலைகீழாக இருக்கின்றன. துண்டுகளுக்குள்ளும் இதே கதைதான். 'மதுரையில்' என்பதில் உருபு பின்னால் வருகிறது. 'இன் மதுரை' என்பதில் முன்னால் வருகிறது. 'நேற்று வந்த பையன்' என்பது 'தி பாய் ஹூ கேம் யெஸ்டர்டே' ஆகிறது. ஆகவே ஆங்கிலத்தில் பேசும்போது தமிழ் வாக்கியத்தின் இரண்டு முனைகளையும் முதலில் பிடியுங்கள்: யார், என்ன செய்தார். 'ஐ பாட்' என்று வாயிலிருந்து வந்துவிட்டால் மீதியை ஒவ்வொன்றாகப் பின்னால் ஒட்டிக்கொள்ளலாம். தினமும் காலையில் நேற்று நடந்த ஐந்து செயல்களை இப்படி வாய்விட்டுச் சொல்லுங்கள். முதல் வாரம் திணறும். ஒரு மாதத்தில் வினைச்சொல் தானாக முன்னால் வரும்.

அடுத்த இடறல் 'எனக்கு'. எனக்குப் பசிக்கிறது, எனக்குத் தெரியும், எனக்குப் பிடிக்கும், எனக்கு இரண்டு அக்கா, எனக்குக் காய்ச்சல், எனக்கு நீச்சல் வரும் என்று உணர்வையும் உடைமையையும் திறமையையும் நாம் ஒரே 'எனக்கு'வில் தொடங்குகிறோம். ஆங்கிலத்தில் இவை அனைத்தும் 'ஐ'யில் தொடங்கும்: ஐ ஆம் ஹங்க்ரி, ஐ நோ, ஐ லைக் இட், ஐ ஹேவ் டூ சிஸ்டர்ஸ், ஐ ஹேவ் எ ஃபீவர், ஐ கேன் ஸ்விம். இந்த ஆறு வாக்கியங்களும் பிடிபட்டால் உங்களைப் பற்றிப் பேசுவதில் பெரும்பகுதி கைக்கு வந்துவிடும்.

'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்' என்பது நம்மிடம் அடிக்கடி கேட்கிற பிழை. இதைக் கண்டுபிடிக்கத் தமிழே உதவும். 'கொண்டிருக்கிறேன்' சேர்த்துச் சொல்ல முடியுமா என்று பாருங்கள். 'படித்துக்கொண்டிருக்கிறேன்' சொல்லலாம், ஆகவே 'ஐ ஆம் ரீடிங்' சரி. 'எனக்கு இரண்டு தம்பிகள் இருந்துகொண்டிருக்கிறார்கள்' என்று யாரும் சொல்வதில்லை, ஆகவே 'ஐ ஹேவ்' தான்.

'ஐ டிட் நாட் வென்ட்' என்பது இன்னொன்று. நாம் தமிழில் 'போனேன் இல்லை' என்று சொல்வதில்லை, 'போகவில்லை' என்கிறோம். அந்தப் 'போக' என்பதில் இறந்தகாலம் இல்லை. ஆங்கிலத்திலும் 'டிட் நாட்' வந்த பிறகு வெறும் 'கோ' தான் வரும். தமிழ் இங்கே நமக்கு எதிராக இல்லை, துணையாக இருக்கிறது.

தமிழில் இல்லாதது 'எ', 'தி' என்ற இரண்டு சின்னச் சொற்கள். முழு விதியும் பெரியது. முதல் ஆறு மாதங்களுக்குப் பாட்டி கதை போதும். 'ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தார். அந்த ராஜாவுக்கு...' கேட்பவருக்குப் புதிதாக அறிமுகமாவது 'ஒரு', அது 'எ'. இருவருக்கும் தெரிந்துவிட்டால் 'அந்த', அது 'தி'.

கேள்வியில் மட்டும் தமிழ் உதவாது. 'வேர் யூ ஆர் கோயிங்' என்று நம் வரிசையில் கேட்டுவிடுகிறோம். 'ஆர் யூ' என்று இடம் மாற வேண்டும். இதற்கு விளக்கத்தைவிடப் பழக்கமே மேல். 'வேர் ஆர் யூ', 'வாட் டிட் யூ', 'ஒய் டிட் ஹீ', 'ஹவ் டு ஐ' ஆகிய தொடக்கங்களை ஒரே சொல் போலப் பாவித்து, ஒவ்வொன்றோடும் பத்துக் கேள்விகள் செய்து சொல்லிப் பாருங்கள்.

மரியாதையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'தண்ணி கொடுங்க' என்பதில் இருக்கும் 'ங்க' ஆங்கிலத்தில் வினையோடு ஒட்டாது. 'கிவ் மீ வாட்டர்' என்றால் அதட்டலாகக் கேட்கும். 'குட் ஐ ஹேவ் சம் வாட்டர், ப்ளீஸ்' என்ற வடிவத்தில்தான் அந்த 'ங்க' இருக்கிறது (இங்கே 'குட்' என்பது 'கேன்' என்பதன் பணிவான வடிவம்). நல்ல மனதோடு கேட்டும் முரட்டு ஆள் என்று பெயர் வாங்காமலிருக்க 'குட் யூ', 'குட் ஐ', 'வுட் யூ லைக்' ஆகிய மூன்றையும் முதல் மாதத்திலேயே பழகிவிடுங்கள்.

ஐந்தாம் படி: எந்தச் சொற்கள், எவ்வளவு

1920-களில் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், வங்காள மாணவர்கள் அரிய சொற்களுக்குள் சிக்கித் திணறுவதைக் கண்டு, அடிக்கடி வரும் சொற்களை மட்டும் வைத்துப் பாடநூல்கள் செய்தார். 1953-இல் அவர் வெளியிட்ட பட்டியலில் சுமார் 2,000 சொற்கள் இருந்தன. 2013-இல் அதைப் புதுப்பித்து வந்த 'நியூ ஜெனரல் சர்வீஸ் லிஸ்ட்' இணையத்தில் இலவசம். அதைத் திறந்து பார்த்தால் உங்களுக்கே வியப்பாக இருக்கும். பாதிக்கு மேல் முன்பே தெரிந்திருக்கும். தெரியாதவற்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். செய்தித்தாளில் பார்த்த கடினமான சொற்களைச் சேர்க்கும் பழக்கத்தைப் பி1 நிலைக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

சொல்லைத் தனியாக எழுதாதீர்கள், அதன் துணையோடு எழுதுங்கள். தமிழில் சட்டை போடுகிறோம், டீ போடுகிறோம், விளக்குப் போடுகிறோம், சண்டை போடுகிறோம். ஆங்கிலத்தில் நான்குக்கும் நான்கு வினைகள். அதேபோல அவர்கள் 'மேக் எ மிஸ்டேக்' என்பார்கள், 'டூ தி ஹோம்வொர்க்' என்பார்கள், 'டேக் எ ஃபோட்டோ' என்பார்கள். 'மேக் என்றால் செய்' என்று எழுதிவைத்தால் பேசும்போது கை கொடுக்காது. 'மேக் எ மிஸ்டேக்' என்று மூன்று சொல்லாகவே வாயில் ஏற்றுங்கள்.

கற்றது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்பதை ஜெர்மானியரான ஹெர்மன் எபிங்ஹாஸ் தன்னையே சோதித்து 1885-இல் வெளியிட்டார். முதல் நாளில்தான் பெரும் இழப்பு. இடைவெளி விட்டு நினைவுபடுத்தினால் மறதி மெதுவாகிறது. 1972-இல் செபாஸ்டியன் லைட்னர் இதை ஒரு அட்டைப்பெட்டி முறையாக மாற்றினார். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் ஆங்கிலத் தொடர் என்று அட்டை எழுதுங்கள். முதல் பெட்டியைத் தினமும் பாருங்கள், இரண்டாவதை மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவதை வாரம் ஒருமுறை. சரியாகச் சொன்ன அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும், தவறினால் எங்கிருந்தாலும் முதல் பெட்டிக்குத் திரும்பும். இதையே 'அன்கி' செயலி கணினியில் செய்து தரும். நாளுக்குப் பத்துப் புதிய அட்டைகளுக்கு மேல் வேண்டாம். அன்றைக்கு இனிமையாக இருந்தாலும் இரண்டு வாரத்தில் திருப்பிப் பார்க்க வேண்டிய சுமை கூடி, செயலியைத் திறக்கவே மனம் வராது.

ஆறாம் படி: எளியதைப் படியுங்கள், நிறையப் படியுங்கள்

பக்கத்துக்கு இருபது முறை அகராதியைத் திறக்க வைக்கும் புத்தகம் உங்களுக்கான புத்தகம் அல்ல. நூறு சொற்களில் இரண்டுக்கு மேல் தெரியாமல் இருந்தால் துணையின்றி வாசித்துப் புரிந்துகொள்வது கடினம் என்பது சொல்வளம் பற்றி ஆராய்ந்த பால் நேஷன் போன்றவர்களின் முடிவு. பிரதம் புக்ஸ் நடத்தும் 'ஸ்டோரிவீவர்' தளத்தில் ஒரே கதை தமிழிலும் ஆங்கிலத்திலும் படங்களோடு, நிலை பிரித்து, இலவசமாகக் கிடைக்கிறது. குழந்தைக் கதைதானே என்று தள்ளாதீர்கள். அன்றாட ஆங்கிலத்தின் எலும்புக்கூடு அங்கேதான் இருக்கிறது. அதற்குப் பிறகு சொல்லெண்ணிக்கையைக் கட்டுப்படுத்தி எழுதிய வரிசைகள்: ஆக்ஸ்ஃபோர்ட் புக்வார்ம்ஸ் முதல் நிலை 400 அடிப்படைச் சொற்களில் தொடங்கி ஆறாம் நிலையில் 2,500-க்குப் போகிறது. இவற்றை விலை கொடுத்து வாங்குவதற்கு முன் பக்கத்தில் உள்ள மாவட்ட நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் ஆகிய இரண்டிலும் குழந்தைகள் பிரிவு தனியே இருக்கிறது. பெரியவர்களும் கூச்சப்படாமல் அங்கே போகலாம்.

தினம் இருபது நிமிடம், அதில் ஐந்து நிமிடம் வாய்விட்டு.

ஏழாம் படி: பேசுங்கள்

கனடாவில் ஆங்கிலம் பேசும் குழந்தைகளுக்குப் பள்ளிப் பாடங்களையே பிரெஞ்சு மொழியில் நடத்தினார்கள். பல ஆண்டுகள் கேட்டும் வாசித்தும் புரிந்துகொள்வதில் அவர்கள் நன்கு தேறினார்கள். பேச்சிலும் எழுத்திலும் பிழைகள் நீங்கவில்லை. இதைக் கவனித்த கனடிய மொழியியலாளர் மெரில் ஸ்வெய்ன், சொல்ல முயன்று தடுமாறும்போதுதான் தன்னிடம் எது இல்லை என்பது கற்பவருக்குத் தெரிகிறது என்று 1985-இல் எழுதினார். ஆகவே காது பழகிய இரண்டாம் மாதத்திலிருந்து பேச்சைத் தள்ளிப்போடக் கூடாது.

முதலில் தனியாகப் பேசுங்கள். போனில் ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள்: இன்று என்ன சமைத்தேன், பஸ்ஸில் என்ன பார்த்தேன். கேட்டுவிட்டு, எங்கே திணறினீர்களோ அந்த இடத்தைச் சரிசெய்து அதையே மறுபடி பேசுங்கள். மூன்றாம் முறை பேசும்போது வரும் சரளம் உங்களுக்கே உற்சாகம் தரும். உரையாடும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளையும் இதற்குப் பயன்படுத்தலாம். 'நீ ஒரு ஹோட்டல் வரவேற்பாளர், நான் அறை கேட்டு வருகிறேன், என் பிழைகளைக் கடைசியில் சொல்' என்று அதனிடம் கேளுங்கள். இரவு பதினொரு மணிக்கும் சலிக்காமல் பேசும், சிரிக்காது.

மனிதர்களிடம் பேசும்போதுதான் நம் ஊரின் பெரிய தடை வரும். இரண்டு வாக்கியம் ஆங்கிலத்தில் பேசினால் 'என்னடா, பீட்டர் விடுற?' என்று ஒரு குரல் எழும். பிழையாகப் பேசினாலும் சிரிப்பு, சரியாகப் பேசினாலும் கேலி. எத்தனையோ திறமையான பிள்ளைகளின் வாயை அடைத்தது இந்த ஒரு சொல்தான். இதற்குத் தைரியம் மட்டும் போதாது, இடம் வேண்டும். உங்களைப் போலவே கற்கும் இரண்டு மூன்று பேரைச் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்குங்கள். தினமும் ஆளுக்கு ஒரு நிமிடக் குரல் பதிவு, வாரம் ஒரு நாள் அரை மணி நேர அழைப்பு. யாரும் யாரையும் நடுவில் திருத்தக் கூடாது. பேசி முடித்த பிறகு ஆளுக்கு ஒரு திருத்தம், அவ்வளவுதான். சொல் கிடைக்காவிட்டால் தமிழ்ச் சொல்லைப் போட்டுவிட்டு வாக்கியத்தை ஆங்கிலத்தில் முடித்துவிட வேண்டும்.

நேரம் வாங்கும் தொடர்கள் சிலவற்றை நாக்கு நுனியில் வைத்திருங்கள். 'லெட் மீ திங்க்', 'வாட் ஐ மீன் இஸ்', 'குட் யூ சே தட் அகெய்ன், ப்ளீஸ்', 'ஹவ் டு யூ சே'. இவை இருந்தால் மௌனம் பயமுறுத்தாது.

எழுத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தூங்கப் போகும் முன் மூன்று வரி நாட்குறிப்பு. பதிவில் பேசியதையே எழுதினாலும் சரி.

ஒரு நாள் எப்படி இருக்க வேண்டும்

காலை டீயோடு பத்து நிமிடம் அட்டைகள். நேற்று நடந்த ஐந்து செயல்களை வாய்விட்டுச் சொல்ல ஐந்து நிமிடம். பஸ்ஸிலோ நடையிலோ பதினைந்து நிமிடம் கேட்டல், அதன் கடைசியில் நிழல் பேச்சு. இரவு இருபது நிமிடம் வாசிப்பு, பத்து நிமிடம் குரல் பதிவும் மூன்று வரியும். மொத்தம் ஒரு மணி நேரம், ஆனால் எந்த இடத்திலும் இருபது நிமிடத்துக்கு மேல் உட்கார வேண்டியதில்லை. நேரமே கிடைக்காத நாளில் கேட்டலை மட்டும் செய்யுங்கள்.

மாதத்தின் முதல் நாள் ஒரே தலைப்பில் இரண்டு நிமிடம் பேசிப் பதிவு செய்து வையுங்கள். மூன்றாம் நான்காம் மாதத்தில் எதுவும் முன்னேறவில்லை என்ற சோர்வு ஏறக்குறைய எல்லோருக்கும் வருகிறது. தொடக்கத்தில் ஒவ்வொரு புதிய சொல்லும் தினமும் காதில் விழும், அதனால் வளர்ச்சி கண்ணுக்குத் தெரியும். பிறகு கற்கும் சொற்கள் அரிதாகவே எதிர்ப்படுவதால் வளர்ந்தும் தெரியாது. அப்போது முதல் மாதப் பதிவை எடுத்துக் கேளுங்கள். அதற்கும் மேல் சலிப்பாக இருந்தால் கற்பவர்களுக்கான நிகழ்ச்சிகளை ஒதுக்கிவிட்டு, முதல் படியில் வைத்த குறிக்கே போய்விடுங்கள். செவிலியர் என்றால் நோயாளியிடம் கேட்கும் கேள்விகளை, விற்பனையாளர் என்றால் பொருளை விளக்கும் காணொளிகளை, தாய் என்றால் பள்ளிச் சுற்றறிக்கைகளை எடுத்துக்கொண்டு, அடுத்த மூன்று மாதங்களும் அந்த ஒரு துறையின் ஆங்கிலத்தை மட்டும் கேட்டு, படித்து, பேசுங்கள். ஒரே துறைக்குள் அதே சொற்கள் திரும்பத் திரும்ப வருவதால் அங்கே சரளம் சீக்கிரம் வந்துவிடும். மற்ற துறைகளுக்கு அதன் பிறகு நகரலாம்.